வெள்ளை ஓட்டு நத்தை

பேராசிரியர் தீனதயாளன் கண்டுபிடித்த நத்தைக்கு அறிவியல் உலகம் இன்னும் பெயர் வைக்கவில்லை. அவருடைய கல்லூரி அதற்குள் ஃப்ளெக்ஸே வைத்துவிட்டது. சேலத்திலிருந்து நாமக்கல் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். கல்லூரி முதல்வரின் முகம் லாரி டயர் அளவுக்கு. மூலையில் நத்தை, பாக்கு அளவுக்கு. அதன் கீழே ‘பைலா வசந்தாமணி’ என்று பெயர்.

பைலா என்பது நத்தையின் பேரினம்; வசந்தாமணி தீனதயாளனின் மனைவி. போன ஆனியில் இறந்துபோனார். விலங்கியல் வாத்தியாரால் கல்லறை மாளிகை கட்ட முடியாது. புது இனம் ஒன்றுக்கு மனைவியின் பெயரை வைக்கலாம். பாடப்புத்தகம் உள்ளவரை அந்தப் பெயர் இருக்கும் என்று நம்பினார்.

நம் வயல்களில் ஊரும் நத்தைக்கு மெல்லிய ஓடு. பாசிப்பச்சை நிறம், கறுப்புக் கோடுகள். மயில்சாமியின் கோழிப்பண்ணைக் குட்டையில் கிடைத்ததோ தடித்த வெள்ளை ஓடு. தனி இனம்தான் என்பதில் தீனதயாளனுக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் முறை என்று ஒன்று உண்டு அல்லவா? இளம்பிள்ளை ஏரியிலிருந்து சாதாரண நத்தைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து, வலைக்கூண்டில் போட்டு, அதே குட்டையில் இறக்கியிருந்தார். அவை பச்சையாகவே வளர்ந்தால் வெள்ளை நத்தை வேறு இனம் என்பதற்குப் பலம் கூடும்.

கல்லூரியில் நடக்கவிருந்த பெயர் சூட்டு விழாவுக்கு முதல் நாள் காலை, அவரும் அவரிடம் ஆராய்ச்சி செய்யும் மஞ்சுளாவும் கூண்டைத் தூக்கினார்கள்.

ஓட்டின் உச்சிச் சுருள்கள் பச்சை. குட்டைக்கு வந்தபின் வளர்ந்த பகுதி முழுக்க வெள்ளை, நல்ல தடிப்பு. எல்லா நத்தையும் அப்படியேதான்.

மயில்சாமி எட்டிப் பார்த்தார். “ஏனுங்க சார், பச்சையா உட்டீங்க, வெள்ளையா வந்திருக்குது? நம்ம தண்ணிக்கு அம்புட்டு சத்துங்களா?”

“தண்ணிக்கு இல்லீங்க, உங்க கோழித் தீவனத்துக்கு.”

முட்டை ஓடு கெட்டியாக இருக்கத் தீவனத்தில் கிளிஞ்சல் தூள் கலப்பார்கள். கொட்டகை கழுவும் தண்ணீரோடு அது குட்டைக்குப் போகிறது. கோழி சிந்திய சுண்ணாம்பில் நத்தை ஓடு கட்டிக்கொண்டது. இங்கே வரும்போதெல்லாம் அந்தக் கிளிஞ்சல் மூட்டைமேல் உட்கார்ந்துதான் பேராசிரியர் டீ குடித்தார்.

“அப்ப நம்ம பழைய நத்தையேதானுங்களா? அடக் கெரகமே, ரோட்டுல போர்டு வேற வெச்சுட்டாங்களே!”

தீனதயாளன் கல்லூரி முதல்வரைக் கைபேசியில் அழைத்துச் சொன்னார்.

“பெரிய மனுசங்க எல்லாம் வர்றாங்க தீனா. நாளைக்குப் பேர வெச்சிரலாங்க. நத்தை எதுங்கறத அப்புறம் பாத்துக்கலாம்.”

“அது என் சம்சாரம் பேருங்க சார். அத வெச்சு என்னால பொய் சொல்ல முடியாது.”

இணைப்பைத் துண்டித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

மஞ்சுளா தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். “வேற ஏரியில தேடலாங்க சார். மேடம் பேர வெக்க ஒரு நத்தை கெடைக்காமயா போயிரும்?”

“அவளுக்கு நத்தைன்னாலே ஆகாது மஞ்சுளா,” என்றார். “ஆஸ்பத்திரில படுத்துட்டே, ‘இனியாவது அதுகளப் பாத்ரூம் வாளில உடாதீங்க’ன்னுதான் சொன்னா.”

சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் நெடுநேரம் துடைத்தார். பிறகு ஒரு நத்தையை எடுத்து, பச்சை முடிந்து வெள்ளை தொடங்கும் இடத்தில் அளவுகோலை வைத்தார்.

“எழுதிக்கம்மா. இனம், பைலா குளோபோசா. பழைய பேருதான்.”