சோள மடலுக்குள் நித்திரை

பகலில் நித்திரை கொள்கிற புருஷனோடு குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமல்ல. ஒக்லாந்தின் வடமேற்கு மூலையில், மாசி என்கிற புறநகரில் வாடகை வீடெடுத்த புதிதிலேயே புஷ்பவதி அதைப் பழகிக்கொண்டாள். பானையைச் சத்தமில்லாமல் இறக்குவாள். தேங்காய் துருவுகிற வேலையை விடியற்காலையில் முடித்து வைப்பாள். டெலிபோன் அடித்தால் இரண்டாவது தரம் மணி அடிக்குமுன் ஓடிப்போய் எடுப்பாள். அப்படி ஓடி எடுத்தால், கூரைக்குப் பெயின்ற் அடிக்க ஆள் வேண்டுமா என்று எவனாவது கேட்பான். அவனுக்கும் அவள் காதோடு காதாகத்தான் பதில் சொல்லுவாள்.

அவள் புருஷன் இராசநாயகம் மலாவியில் ஏழு வருடம் கணிதம் படிப்பித்தவர். இங்கே கடதாசிப் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் இரவு வேலை. மலாவியில் பிள்ளைகள் அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். இங்கே அட்டை வெட்டுகிற யந்திரத்துக்கு முன்னால் அவர்தான் விடிய விடிய நிற்கவேண்டியிருந்தது. காலையில் வந்து முழுகி, திருநீறு பூசி, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, அறைத் திரையை இழுத்து மூடிப் படுப்பார். அது மஞ்சள் திரை. வெயில் ஏற ஏற அறை முழுவதும் மஞ்சள் வெளிச்சம் குளம் போலத் தேங்கி நிற்கும். வெளியே மரங்களில் சிள்வண்டுகள் ஓயாமல் கத்தும். அந்த மஞ்சளுக்குள் அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து போவதைப் புஷ்பவதி கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த நேரத்தில் அவர் முகம் பள்ளிக்கூடப் பொடியனின் முகம் மாதிரி இருக்கும்.

மத்தியானமானால் அலறல் வரும்.

"சுடுது! விடடா! சுடுது!"

அவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். தோளைப் பிடித்து உலுப்பி எழுப்புவாள். எழும்பினால் பிறகு அன்றைக்கு நித்திரை இல்லை.

கனவில் அவருடைய தம்பி செல்வரத்தினம்தான் வருவான். கொழும்பில், வெள்ளவத்தையில் புடவைக்கடை வைத்திருந்தவன். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கடையோடு சேர்த்து அவனையும் எரித்துவிட்டார்கள். அப்போது இவர்கள் மலாவியில். செய்தி வந்து சேர்ந்தபோது அழுவதைத் தவிரச் செய்வதற்கு எதுவும் மிச்சம் இருக்கவில்லை. செத்தவன் கொழும்புக்குக் கனவில் வந்தாலும் ஒரு நியாயம் இருக்கும். அவன் கண்ணாலும் கண்டிராத இந்த மாசி வீட்டுக்கு, யாரிடம் வழி கேட்டானோ, தப்பாமல் வந்தான். சட்டைப் பொத்தானை மாறிப் பூட்டியிருப்பான். கட்டில் விளிம்பில் இருந்து, "அண்ணை" என்று கையைப் பிடிப்பான். பிடித்த கை நெருப்பாய்ச் சுடும். இவ்வளவுதான் கனவு. அவன் வேறெதுவும் சொல்லுவதற்குள் இவர் அலறிவிடுவார்.

நித்திரையில்லாத மனிதர் இரவில் வெட்டுகிற யந்திரத்துக்கு முன்னால் நின்றபடியே கண் அயர்ந்தார். ஒரு தரம் கையுறையின் நுனி போயிற்று. மற்றத் தரம் பக்கத்தில் நின்ற சமோவாக்காரன் கொலரில் பிடித்து இழுத்திராவிட்டால் விரல்கள் போயிருக்கும். டொக்டர் கொடுத்த குளிசை அவரை நடக்கிற பொம்மை ஆக்கியதே தவிர, தம்பியின் வரவை நிறுத்தவில்லை. அவர் வேலைக்குப் போன பிறகு புஷ்பவதி சாமிப்படத்துக்கு முன்னால் இருந்து அவருடைய பத்து விரல்களையும் நினைத்துக் கும்பிட்டாள். கடவுளுக்கு அவ்வளவு விபரமாகச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்தக் கோடையில்தான் கராஜுக்குப் பின்னால் செடியைக் கண்டாள். முன்பு குடியிருந்தவர்களின் கைங்கரியமாக இருக்கவேண்டும். தக்காளிக்கும் பூசணிக்கும் நடுவே, தலைக்கு மேலே வளர்ந்து, ஏழு விரல் இலைகளை விரித்துக்கொண்டு நின்றது. கஞ்சா. வேறு யாராவது என்றால் பிடுங்கி எறிந்திருப்பார்கள். புஷ்பவதி அதற்கு அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினாள்.

மலாவியில், ஏரிக்கரை ஊரில், பக்கத்து வீட்டு எஸ்தர் பீரி புவியியல் ரீச்சர். எஸ்தரின் மாமனார் உடம்பு வலியால் நித்திரை கொள்ளாத மனிதர். அவருக்காக எஸ்தர் வீட்டில் இதைப் பக்குவம் பண்ணுவார்கள். பூவைக் காம்போடு உலர்த்திப் புகைத்துத் தள்ளுவது அவர்கள் வழக்கமல்ல. அரைப்பச்சையாகச் சோள மடலுக்குள் வைத்து, இறுக்கிச் சுற்றி, மரநாரால் வரிந்து கட்டி, சூடான இடத்தில் நாட்கணக்காகப் புழுங்க விடுவார்கள். அவிழ்த்தால் பச்சை நிறம் போய்க் கபிலமாகி, பழமும் புகையிலையும் கலந்தது போல ஒரு வாசம் வரும். "இது பாட்டுப் பாடுகிறவனுக்கல்ல, நித்திரைக்கு" என்று எஸ்தர் சொல்லுவாள். புஷ்பவதி அப்போது மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தவள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. பிடிபட்டால் வீசா போகும், மானம் போகும், நகரின் மறுகோடியில், பக்குரங்காவில் இருக்கிற சொந்தக்காரருக்கு ஒரு வருடத்துக்குக் கதைக்க விஷயம் கிடைக்கும். எல்லாம் தெரிந்துதான் சந்தையில் சோளப்பொத்தி வாங்கினாள். சோளத்தை அவித்துச் சாப்பிட்டு, மடல்களை எடுத்து வைத்தாள். தலைப்பின்னல் பின்னுகிற கைக்கு வரிந்து கட்டுவது பெரிய வேலையா? குழந்தையைத் துணியில் சுற்றுவது போலச் சுற்றிக் கட்டினாள்.

மலாவியில் வெயில் இருந்தது. ஒக்லாந்து வெயில் வந்த வேகத்தில் மழையாகிவிடும். அதற்கும் வழி இருந்தது. இந்த நாட்டு வீடுகளில் சுடுதண்ணீர்த் தாங்கிக்கென்று ஒரு அலுமாரி இருக்கும். உள்ளே எப்போதும் இளஞ்சூடு. வெள்ளைக்காரர் அதில் துவாய்களை அடுக்குவார்கள். நம்மவர்கள் தோசைமா வைப்பார்கள். குளிர்காலத்திலும் மா பொங்குவது அந்த அலுமாரியின் புண்ணியத்தால்தான். புஷ்பவதி மேல்தட்டில் மாச் சட்டியையும் கீழ்த்தட்டில், துவாய்களுக்குப் பின்னால், சோள மடல் பொட்டலங்களையும் வைத்தாள். இங்கேதான் புத்தி பிசகியது. மா விடியும் முன்பே பொங்கி, சட்டி விளிம்பால் வழிந்து, கீழே பொட்டலங்களை முழுகாட்டிவிட்டது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். எறிய மனம் வரவில்லை. துடைத்து மறுபடியும் வைத்தாள்.

பிறகு வந்த வாசத்தை என்னவென்று சொல்ல! புளித்த உளுந்தும் சோளமும் ஆபிரிக்காவும் ஒன்றாகப் புழுங்கின. ஜன்னலைத் திறந்துவிட்டாள். அது இன்னும் பிழையாகப் போயிற்று. பக்கத்து வீட்டு ஹீனி, இந்த மண்ணின் பூர்வகுடியான வயதான மவோரிப் பெண், வாசம் பிடித்துக்கொண்டு ஒரு போத்தல் கிரீமோடு வந்து கதவைத் தட்டினாள்.

"அழுகின சோளம் போடுறாய், இல்லையா? எனக்குத் தெரியும்!" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. மவோரிகள் சோளத்தைத் தண்ணீரில் அழுகவிட்டுக் கூழ் காய்ச்சிக் கிரீம் ஊற்றிச் சாப்பிடுவார்களாம். அவள் சாப்பிட்டுப் பல காலமாம்.

புஷ்பவதி ஓடிப்போய் மாச் சட்டியைத் தூக்கி வந்தாள். "இது... எங்கட தோசை" என்று சட்டியைக் காட்டினாள். சுட்டும் கொடுத்தாள். ஹீனி கிரீம் ஊற்றி நாலு தோசை சாப்பிட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டே, "உன் மனிதன் பகலில் கத்துகிறாரே, சுகமில்லையா?" என்றாள்.

"செத்துப்போன தம்பி கனவில் வாறார்."

"ஓ, அவ்வளவுதானா?" ஹீனி விரலை நக்கினாள். "என் அக்காவும் வருவாள். என் திரைச்சீலை சரியில்லை என்று ஏசுவாள். உயிரோடு இருந்தபோதும் அதே ஏச்சுத்தான்."

இதுகள் எல்லாத்தையும் விளையாட்டாக எடுக்குதுகள் என்று புஷ்பவதி மனதுக்குள் முணுமுணுத்தாள்.

பொட்டலத்தை அவிழ்த்தபோது எஸ்தர் வீட்டு வாசம் அப்படியே எழும்பியது. கொஞ்சம் தோசை வாசமும் இருந்தது, அதை ஒன்றும் செய்ய முடியாது. துளியூண்டு கிள்ளி எடுத்து, எள்ளோடும் சர்க்கரையோடும் இடித்து, எள்ளுருண்டை பிடித்தாள். காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றை நீட்டினாள்.

"உடம்புக்கு நல்லதப்பா. எள்ளு சூட்டைக் கொடுக்கும்."

இராசநாயகம் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு வாயில் போட்டார்.

அன்றைக்கு மத்தியானம் வந்தது, போனது. அலறல் வரவில்லை. அறையின் மஞ்சள் வெளிச்சம் சுவரில் ஏறி, கூரையைத் தொட்டு, மெல்ல வடிந்தது. அவர் அசையாமல் கிடந்தார். பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு ஆழமாக, சீராக வந்தது. அவள் கட்டிலின் கால்மாட்டில் நிலத்தில் இருந்து, சிள்வண்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவரோடு சேர்ந்து எங்கோ மிதந்தாள். வீடே அடியில்லாத தண்ணீரில் நிற்பது போல இருந்தது. கல்யாணம் முடித்த இத்தனை வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

நாள் போகப் போக அவர் முகத்தில் தசை பிடித்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருமை போயிற்று. விரல்கள் பத்தும் பத்திரமாக வீடு வந்தன. மழைக்காலம் தொடங்கியபோது அவர் வாயில் ஒரு தேவாரம்கூட எழும்பியது.

அதற்குப் பிறகுதான் அவர் சாப்பாட்டைத் தள்ளிவைக்கத் தொடங்கினார். பின்படியில் இருந்து, ஈரப் புல்லையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால், "ஒண்டுமில்லை" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தேத்தண்ணியோடு போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

"என்னப்பா, நித்திரை கொள்ளுறீங்கள், உடம்பும் தேறீட்டுது. பிறகென்ன யோசனை?"



"செல்வம் இப்ப வாறேல்லை, புஷ்பம்."

"அது நல்லதுதானே?"

"ஓம். நல்லதுதான்." தேத்தண்ணியை வாங்கி நிலத்தில் வைத்தார். "அவனுக்கு ஒரு மறு இருந்தது. வலக் கன்னத்திலையோ இடக் கன்னத்திலையோ எண்டு நேற்று முழுக்க யோசிச்சுப் பாத்தன். பிடிபடேல்லை. படமெல்லாம் கடையோடை எரிஞ்சிட்டுது. எங்களிட்டை ஒண்டும் இல்லை. அந்தக் கனவு ஒண்டுதான் அவன்ரை படம்."

புஷ்பவதிக்கு அப்போதுதான் விளங்கியது. பேயை ஓட்டுகிறேன் என்று நினைத்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியை அல்லவா வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள்! அதுவும் ஒருநாள் அல்ல; நாள்தோறும்.

"நான்தான்" என்றாள். "நான்தான் அவரை வரவிடாமல் செய்தனான். அந்த எள்ளுருண்டையிலை..."

"தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏழு வருசம் பீரி வீட்டுக்குப் பக்கத்திலை இருந்தனான். துவாய் எடுக்க அலுமாரியைத் திறந்தவனுக்கு அந்த மணம் தெரியாதே? முதல் உருண்டையே தெரிஞ்சுகொண்டுதான் திண்டனான்." அவர் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். "எனக்கு அவனைக் காணப் பயமாயிருந்தது, புஷ்பம். சொந்தத் தம்பியைக் காணப் பயந்து ஒளிச்சனான். நீர் கதவைச் சாத்தினனீர் எண்டு நினையாதையும். உள்ளுக்கை நிண்டு பூட்டினது நான்."

அவள் அவருடைய தோளில் முகத்தை வைத்து அழுதாள். அவரும் அழுதார். மலாவியில் செய்தி கேட்ட நாளில்கூட இரண்டு பேரும் தனித்தனி அறையில்தான் அழுதவர்கள்.

அடுத்த நாள் அவர் மேற்பார்வையாளரிடம் போய், வெட்டுகிற யந்திரத்தை விட்டுப் பெட்டி கட்டுகிற பக்கம் மாற்றச் சொல்லிக் கேட்டார். அது புதிதாக வருகிற பொடியன்கள் செய்கிற வேலை. கணித வாத்தியாருக்கு இன்னும் ஒரு படி இறக்கம். ஆனால் அங்கே கண் அயர்ந்தால் அட்டைப் பெட்டியில்தான் தலை விழும். புஷ்பவதி மிச்சமிருந்த பொட்டலங்களைக் கராஜுக்குப் பின்னால் கிடங்கு வெட்டிப் புதைத்தாள்.

நித்திரை உடனே திரும்பி வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விழித்துக் கிடந்தார். வியர்த்துக் கொட்டியது. செல்வமும் வரவில்லை. கோபித்துக்கொண்டு போயேவிட்டானோ என்று புஷ்பவதி பயந்தாள். "நான் அறியாமல் செய்திட்டன், வாங்கோ தம்பி" என்று அடுப்படியில் நின்று வாய்விட்டே கூப்பிட்டாள். மச்சினனை அவள் ஒருநாளும் வா போ என்று பேசியதில்லை.

பிறகு ஒரு மத்தியானம், மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்த நேரம், அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"சுடுது!"

வெட்டிக்கொண்டிருந்த வெங்காயம் நிலத்தில் உருண்டது. பழக்கதோஷத்தில் கால் ஓடியது. அறை வாசலுக்கு வந்து கையை நீட்டியவள், அப்படியே நின்றாள். மஞ்சள் வெளிச்சத்தின் நடுவில் இராசநாயகம் மல்லாந்து கிடந்தார். நெற்றி முழுவதும் வியர்வை. ஒரு கை கட்டில் விளிம்புக்கு வெளியே நீண்டு, காற்றில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது. நரம்பு புடைத்திருந்தது.

"சுடுது..." என்று முனகினார். "சுடட்டும். நீ விடாதை. இடப்பக்கம்தான்ரா உன்ரை மறு, இடப்பக்கம்..."

கண் மூடியபடியே இருந்தது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

புஷ்பவதி அவரை எழுப்பவில்லை. திறந்திருந்த கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, டெலிபோனின் வயரைச் சுவரிலிருந்து கழற்றி வைத்தாள்.