கீழ்வீட்டுக்குப் போன முன்னறை

எல்லிங்ஸ்ருட் புறநகரின் அடுக்குமாடியொன்றில் நாலாம் மாடியில் இருந்த சத்தியபாமாவின் முன்னறை ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது. அறை இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பலூன் ஒன்று சுவருக்குச் சுவர் உப்பி நின்றது. கீழே அஜந்தா, கணவனோடும் இரட்டைக் குழந்தைகளோடும் ஒற்றையறையில் நெரிபட்டு, பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமுக்குக் குடிபோக மனமில்லாமலே பெட்டி கட்டிக்கொண்டிருந்தவள், குசினிக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கதவைக் கண்டாள். உள்ளே பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாக்கள். யாருடையது என்று கேட்பதற்கு முன் குழந்தைகளைக் கிடத்திவிட்டாள்.

காரணம் சத்தியபாமாவின் பக்கத்து வீட்டு இளமாறன். சென்னையிலிருந்து வந்தவன். ஒரு பெரிய கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளைக் குடிவைக்கும் மென்பொருளில் அவனுக்கு வேலை. அங்கே நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பங்கிடுவார்கள். ஒரு குடித்தனம் நெடுநாள் தொடாத பக்கங்களைப் பலூன் ஊதிப் பறித்து, இடமின்றித் திணறும் குடித்தனத்துக்குக் கொடுக்கும் முறையை அவன் சீராக்கி, வீட்டிலிருந்தே ஓடவிட்டான். அது கட்டடத்தையும் சேர்த்துக் கவனித்துவிட்டது.

"தம்பி, என்ர முன்னறை எங்கை?" என்று சத்தியபாமா வந்து நின்றாள்.

"பல வருஷமா யாரும் தொட்டதாவே காட்டல, ஆன்ட்டி. காலின்னு எடுத்துடுச்சு."

"தொடாமல் வைச்சிருந்தால் காலியே? அது வாறவைக்கு வைச்சிருக்கிற மரியாதை. சனிக்கிழமை யதுர்ஷாவைக் கட்டப்போற பெடியன்ர தாய் தேப்பன் வருகினம். பலூனிலையே இருத்திறது?"

"இருத்துங்கோ அம்மா, துள்ளித் துள்ளிக் கதைப்பினம்," என்றாள் மகள் யதுர்ஷா.

அறையை ஒரேயடியாகத் திருப்பினால் அஜந்தா போகவேண்டும். இளமாறன் யோசித்து ஒரு வரி சேர்த்தான்: சத்தியபாமா கதவைத் தொட்டால் அறை மேலே வரும், சாத்திவிட்டால் கீழே போகும்.

சனிக்கிழமை சம்பந்திகள் வந்தார்கள். சத்தியபாமா கைப்பிடியைத் தொட்டாள். அறை வந்தது. கீழே சொல்ல மறந்ததால் சோபாவில் இரண்டு குழந்தைகளும் வந்தன. பெடியனின் தாய் ஒன்றைத் தூக்கினாள், தகப்பன் மற்றதை. தாயின் கையிலிருந்தது சோபாவில் பால் கக்கியது.

"இதுக்குத்தான் பிளாஸ்டிக் கழற்றாமல் வைச்சனான்," என்றாள் சத்தியபாமா. சம்பந்திகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூச்சிரைக்க ஓடிவந்த அஜந்தாவுக்கும் தேநீர் கிடைத்தது. கலியாணத்துக்கு நாள் குறித்தார்கள். அஜந்தா பெட்டிகளை அவிழ்த்தாள்.

இப்போது விருந்தாளிகள் வந்தால் சப்பாத்தைக் கழற்றியபடி நடையில் காத்திருப்பார்கள். சத்தியபாமா உலக்கையால் நிலத்தில் தட்டுவாள்.

"அஜந்தா, அறை மேலை வருது, பிள்ளையளைத் தூக்கு!"

"பொறுங்கோ அக்கா, பம்பர்ஸ் மாத்திறன்!"