இரண்டாவது ஜாமீன்தாரர்

கோலப்பன் சாரின் வழக்கு அறுபத்து மூன்று முறை தள்ளிவைக்கப்பட்டது. அதில் நாற்பத்தொரு முறை தவணை கேட்டது அவருடைய வக்கீல்தான். இதை நான் இரண்டு தடவை எண்ணினேன். முதல் தடவை எண்ணியதில் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அவருடைய புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்துக்கு 'பதினோரு ஆண்டு இழுத்தடிப்பு' என்று பெயர். எண்ணிக்கையை அடிக்குறிப்பாகப் போடலாமா என்று கேட்டேன்.

"அடிக்குறிப்பு வேண்டாம் மோளே. வாசிக்கிறவனுக்குக் கண்ணு வலிக்கும்."

நிதி நிறுவனம் நடத்தி, நாலாயிரம் பேரின் சேமிப்பு போன வழக்கில் தண்டனை பெற்று, நான்கு மாதம் முன்பு வெளியே வந்தவர். நீதித்துறையையும் சிறைத்துறையையும் கிழித்து ஒரு நூல் எழுதுகிறார். நான் மாலை வகுப்பில் சட்டம் படிக்கிறேன். பகலில் அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிறேன். மலையாள ஊரில் இருந்துகொண்டு தமிழில் ஏன் என்று முதல் நாளே கேட்டேன்.

"மலையாளத்துல எழுதினா வாசிக்கிறவன் முழுக்க என் டெப்பாசிட்டர் அல்லே?"

ஒன்பதாம் அத்தியாயம் வரை எனக்குச் சிக்கல் இல்லை. அது இசக்கிப்பாண்டியைப் பற்றியது. சங்கரன்கோவில் பக்கத்துக் கட்டட வேலைக்காரர், கம்பி திருடியதாக வழக்கு, சிறையில் சாருடன் ஒரே பிளாக்கில் இருந்தவர். ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், இருவரும் உள்ளூரில் நிலம் உள்ளவர்களாக இருந்து, கரம் தீர்த்த ரசீது காட்ட வேண்டும். வேலைக்கு வந்த ஊரில் யாருடைய நில வரி ரசீதை அவர் காட்டுவார்? "ஒரு மனிதனின் விடுதலையை வில்லேஜ் ஆபீஸின் ஒரு துண்டுக் காகிதம் தீர்மானிக்கும் நாடு இது" என்று சார் சொன்னபோது என் விரல்கள் ஒரு கணம் நின்றன. நல்ல வாக்கியம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதினால் சரிபார்க்க வேண்டும் என்பது என் வழக்கம். அவருடைய மனைவி பேச்சி சாலை பஜாரில் ஒரு ஹோட்டலில் மாவரைப்பதாக அத்தியாயத்திலேயே இருந்தது. போனேன்.

"இன்னும் உள்ளதான் இருக்காரு" என்றாள் பேச்சி, கையை உதறிக்கொண்டே. "பதினாலு மாசம். ஜாமீன் கிடைச்சே ஏழு மாசமாச்சு. எங்க மொதலாளி ஒரு ரசீது தாரேன்னுட்டாரு. இன்னொண்ணுக்குத்தான் ஆளில்ல."

"கோலப்பன் சார் உங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கார்."

"எத்தன பக்கம்?"

"பன்னிரண்டு."

"அம்புட்டு எழுதுத கை ஒரு கையெழுத்து போடாதாக்கும்?"

திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். தேதிகளைச் சரிபார்க்க சார் கொடுத்திருந்த கோப்பில் விதுரையில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்கான கரம் தீர்த்த ரசீது இருந்ததை நான் பார்த்திருந்தேன். இந்த ஆண்டுக்கானது. பெயர்: சாவித்ரி. சாரின் மனைவி. கேட்பது என் வேலையா என்று தெரியவில்லை. கேட்காமல் இருப்பதும் என் வேலையா என்று தெரியவில்லை. அந்த ரசீதை இசக்கிப்பாண்டிக்குத் தரலாமே என்று மறுநாள் கேட்டுவிட்டேன்.

சார் கதவைப் பார்த்தார். பிறகு என்னை.

"அந்தக் காகிதம் எப்படி அதுல வந்தது?"

"நீங்க தந்த கோப்பு, சார்."

"மோளே, அந்தத் தோட்டம் சாவித்ரி பேர்ல. அவ பேர்ல ஒரு செண்டு நிலம்கூட இல்லேன்னு நான் கோர்ட்டுல சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். இப்போ அதே கோர்ட்டுல ரசீதை நீட்டினா என்னாகும்?"

"இசக்கிப்பாண்டி வெளியே வருவார்."

"நான் உள்ளே போவேன். ஒருத்தன் வர, ஒருத்தன் போக, இது என்ன பஸ்ஸா?" குரலைத் தணித்தார். "அதுவுமில்லாம, தனி மனுஷன் உதவி பண்ணினா அமைப்பு மாறாது. புத்தகம்தான் மாத்தும். பத்தாம் அத்தியாயம் போடு."

சாவித்ரி ஆன்ட்டி காபியோடு வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. நான் கிளம்பும்போது கேட் வரை வந்தார்.

"ரசீது மட்டும் போதுமா, ஆதாரும் வேணுமா?"

எனக்குப் பயமாக இருந்தது. தெரிந்ததை முழுதாகச் சொன்னேன். "ரெண்டும் வேணும் ஆன்ட்டி. கூடவே சொத்து விவரம் எழுதிக் கையெழுத்துப் போடணும். அது கோர்ட் ரெக்கார்டு. டெப்பாசிட்டர் பக்க வக்கீல் பார்த்தா தோட்டம் போகலாம். சார் சத்தியம் பண்ணியிருக்கார்..."

"அவர்தானே பண்ணினார்? நான் ஒண்ணும் பண்ணலியே." கேட்டைத் திறந்துவிட்டுச் சொன்னார்: "ஜெயில்ல இவரைப் பார்க்கப் போறப்பெல்லாம் அந்தப் பேச்சிதான் எனக்கு வரிசையில இடம் பிடிச்சு வைப்பா. பத்து மாசம். வேலைக்கு லேட்டானாலும் எனக்காக நிப்பா. புத்தகத்துல அது உண்டா?"

"இல்லை. 'என் மனைவி வெயிலில் தனியாக நின்றாள்' என்று இருக்கு."

"தனியாவா!" என்று சிரித்தார்.

வியாழக்கிழமை வஞ்சியூர் கோர்ட்டுக்கு அவரும் பேச்சியின் முதலாளியும் போனார்கள். எனக்கு அன்று வகுப்புத் தேர்வு. சரியாக எழுதினேனா என்று நினைவில்லை. மாலை ஆறு இருபதுக்குப் பேச்சி போனில் கூப்பிட்டாள். ஆள் வெளியே வந்துவிட்டார், பரோட்டா கேட்கிறார் என்றாள்.

பத்தொன்பது நாள் கழித்துத் தோட்டத்தைப் பற்றி கோர்ட் நோட்டீஸ் வந்தது. ஆன்ட்டிக்கு ஒன்று, சாருக்கு ஒன்று. என்னை வேலையிலிருந்து நிறுத்துவார் என்று எதிர்பார்த்துப் போனேன். சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் சோர்வே இல்லை.

"புது அத்தியாயம் மோளே. எழுது. 'இரக்கம் குற்றமா?' இதுதான் தலைப்பு. 'சிறையில் வாடிய ஓர் ஏழைக்கு நாங்கள் ஜாமீன் நின்றோம். அதற்கு இந்த அமைப்பு தந்த பரிசு...'"

நான் நிறுத்தினேன். "நாங்களா, சார்?"

"பின்னே? புருஷன் பொண்டாட்டி ஒண்ணுதானே."

உள்ளேயிருந்து ஆன்ட்டி குரல் வந்தது. "அப்போ கோர்ட்டுல சத்தியம் பண்ணிக் குடுத்த சொத்து லிஸ்டுல தோட்டத்தையும் சேர்த்திருக்கலாமே!"

சார் வக்கீலுக்குப் போன் செய்தார். மெல்லப் பேசினார். "அப்படியா... சரி... சரி" என்று வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அந்த வரியை மாத்து. ஜாமீன் நின்னது அவ மட்டும். முழுக்க அவளோட முடிவு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு போடு."

போட்டேன். மூன்று மாத வேலையில் சரிபார்க்க எங்கும் போக வேண்டியிராத வாக்கியம் அது ஒன்றுதான்.