பாவாடைக் காற்சட்டை

வெம்பிளித் தேவாலயத்துத் தமிழ்ச் சனம் பஸ் பிடித்து, தேம்ஸ் கரையிலிருந்த ஒரு பழைய மாளிகையைப் பார்க்கப் போனது. டொலறஸ் தன் கணவன் கிறிஸ்துராஜாவையும் கூப்பிட்டாள். "எனக்கு ஷிப்ட்" என்று சொல்லிவிட்டு அவர் காலையிலேயே கிளம்பிவிட்டார். கிடங்கு வேலை போன பிறகு ஏதோ ஒரு மியூசியத்தில் செக்கியூரிட்டி என்பது மட்டுந்தான் அவளுக்குத் தெரியும். எந்த மியூசியம் என்று அவளும் கேட்டதில்லை.

மாளிகையின் நீண்ட அறை முழுக்கச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்கள். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கனவான்கள்: தோளில் புரளும் சுருள்முடி, கழுத்தில் லேஸ், இடுப்பிலும் முழங்காலிலும் ரிப்பன் கொத்துகள். அதே கோலத்தில் ஓர் ஆள் நடுவில் நின்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார்.

"பாவாடை போல விரிந்த இந்தக் காற்சட்டையின் ஒரு காலுக்குள் இன்னொருவரும் நுழையலாம். ரிப்பன் கூடக்கூட ஆளுக்கு மதிப்பும் கூடும்."

குரலைக் கேட்டதும் டொலறஸ் அந்த ஆளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். படத்தைக் காட்டித் திரும்பிய கிறிஸ்துராஜா அவளைக் கண்டார். பேச்சு தடுக்கியது.

பாடகர் குழு நிர்மலா வாயைப் பொத்திச் சிரித்தாள். "ஐயோ, பொம்பிளை மாதிரியெல்லோ நிக்கிறார்! அக்கா, உவர் உங்கட மனுசன்ர சாடை இல்லையோ?"

"உமக்கென்ன விசரே? அவர் வேலைக்குப் போட்டார்."

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள். அவர் தொப்பியைக் கழற்றி, வேடத்துக்குரியபடி எல்லோருக்கும் குனிந்து வணங்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். திரும்பி வரும் வழியெல்லாம் டொலறஸ் பஸ் கண்ணாடிப் பக்கமே முகத்தை வைத்திருந்தாள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னார். "நீர் சொன்னது எனக்குக் கேட்டது."

"ஏன் எனக்கு மறைச்சனீங்கள்?"

"வெக்கம். முதல் நாள் கண்ணாடியைப் பார்க்கவே ஏலாமல் போச்சு. பிறகு அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பிடிச்சுப்போச்சு. அதுகளிலை நிக்கிற ஆம்பிளையள் ஒருத்தரும் வெக்கப்படேல்லை."

அவர் கோபித்திருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவரோ குளிக்கப் போய்விட்டார்.

ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது டொலறஸ் நிர்மலாவிடம் போனாள். "அண்டைக்கு அங்க நிண்டது என்ர மனுசன்தான்."

நிர்மலா சிரிக்கவில்லை. "தெரியும் அக்கா. எல்லாருக்கும் விளங்கினது. நீங்கள் இல்லையெண்டு சொன்னதாலை நாங்களும் பேசாமல் விட்டனாங்கள்."

டொலறசுக்குக் காது சுட்டது. அத்தனை பேருக்கும் முன்னால் அவர் அல்ல, அவள்தான் வேடத்தோடு நின்றிருக்கிறாள். மண்டபத்தின் மறுபக்கம் கிறிஸ்துராஜா கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"நானும் ஒருநாள் வரட்டே? படங்களைப் பார்க்க."

"சிரிக்கமாட்டீரோ?"

அவர் பகிடியாகக் கேட்கவில்லை. மாட்டேன் என்று அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நிமிர்ந்து அவரைப் பார்க்க முடியவில்லை.