புகை வராத வண்டி

மூன்றாவது முறை சாவியைத் திருப்பியபோதும் ஸ்டார்ட்டர் திடமாகவே சுற்றியது. எஞ்சின்தான் பிடிக்கவில்லை. பம்ப்காரர் இறங்கிப் பின்பக்கம் போய், முழங்காலில் கைவைத்துக் குனிந்து, சைலன்சர் வாயை முகர்ந்து பார்த்தார். ஒன்றுமில்லை. டீசல் உள்ளே போய் எரியாமல் நின்றிருந்தால் வெள்ளைப் புகையாவது வரும், கண்ணைக் கரிக்கும் நெடியாவது இருக்கும். சைலன்சர் கழுவி வைத்த பாத்திரம்போல இருந்தது. அப்படியென்றால் டீசல் உள்ளே போகவேயில்லை. நேற்று மாலை வரை போய்க்கொண்டிருந்தது.

நாற்பது வருடம் டீசல் பம்ப் பழுது பார்த்தவர். ஊரே, மனைவி வழிச் சொந்தக்காரர்கள் உட்பட, அவரைப் பம்ப்காரர் என்றுதான் சொல்லும். அவருடைய வண்டியே அவரிடம் முரண்டு பிடிப்பதா? மணி ஒன்று. மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டுவிடும். தாத்தா கார் எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப்போவதாக நேற்றுத்தான் பேத்தியிடம் போனில் வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று வாரமாக அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வண்டி ஒருநாள் நடைபாதையில் ஏறி விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்றதிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. வெயில் கண்ணில் அடித்தது என்று அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஆறு மாதம் ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். "அவனே டிரைவர் வச்சுக்கிட்டு வர்றான், அவன் எனக்குச் சொல்றானா?" என்று வீட்டுக்கு வந்து கத்தினார். ஆனாலும் தினமும் எஞ்சினை மட்டும் கிளப்பி, ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைத்துவிடுவார்.

மருமகன் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

"விட்ருங்க மாமா. வயசாயிடுச்சு. பாப்பாவ நான் கூட்டிட்டு வந்துடறேன்."

"வயசானது வண்டிக்கா, எனக்கா?"

"ரெண்டுக்கும் சேத்துதான் சொன்னேன்."

மருமகன் சிரித்தார். பம்ப்காரர் சிரிக்கவில்லை. "இன்னிக்கு ஆபீஸ் இல்லையா மாப்ள?"

"அரை நாள் லீவு."

"எதுக்கு?"

"சும்மாதான்."

காய்ச்சல் வந்தாலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆபீஸ் போகிற மனுஷன். எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று பம்ப்காரர் மனதுக்குள் கேட்டுக்கொண்டார். காரின் இரண்டாவது சாவி மருமகனிடம்தான் இருக்கிறது. வண்டியை விற்றுவிடலாம் என்று முதலில் வாயைத் திறந்தவரும் அவர்தான். ஆனால் ரேடியேட்டரில் எஞ்சின் ஆயிலை ஊற்றப்போன கை அது. வண்டியைக் கெடுத்தது அவரென்றால் தனியாகச் செய்திருக்க முடியாது. யாரையோ கூட்டிவந்திருக்க வேண்டும்.

ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினார். டீசல் குமிழி இல்லாமல் ஒரே சீராக வழிந்தது. விரலில் தேய்த்தார், முகர்ந்தார். தண்ணீர் கலக்கவில்லை. பம்ப் வரைக்கும் சுத்தம். அடுத்து, பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் குழாய் ஒன்றின் நட்டை இளக்கிவிட்டு மருமகனைச் சாவி திருப்பச் சொன்னார். எஞ்சின் சுற்றியது. குழாய் முனையில் ஒரு சொட்டு வரவில்லை. பம்புக்குள் வருகிறது, வெளியே போகவில்லை. வாசலில் யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

அந்தக் கதவு எது என்று அவருக்குத் தெரியும். பம்பின் பின்புறம் கட்டைவிரல் அளவில் ஒரு சுவிட்ச் உண்டு. சாவி போட்டதும் அதற்குக் கரண்ட் வர வேண்டும். வந்தால் 'டிக்' என்று திறந்து டீசலுக்கு வழிவிடும். எஞ்சின்களுக்கு நடுவே கிடந்த காதுகள் அந்த டிக்கைக் கைவிட்டு வெகுகாலமாயிற்று. விரலை வைத்துத்தான் அவர் அதைக் கேட்பார்.

மருமகன் போன் வந்து தெருப்பக்கம் போயிருந்தார். "இந்தா, கொஞ்சம் வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து டிரைவர் சீட்டில் ஏறி, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"சாவி மட்டும் போடு. ஸ்டார்ட் பண்ணாத."

"ம்."

"போட்டியா?"

"போட்டாச்சுங்க."

விரலுக்கடியில் எதுவும் அசையவில்லை. "நெசமாவே போட்டியா?"

"சிவப்பு லைட் எரியுது. வேணும்னா வந்து பாருங்க."

அவர் விரல்களைச் சுவிட்சின் நுனிக்கு நகர்த்தினார். எட்டாம் நம்பர் ஸ்பேனர் போடும் நட்டு இருந்தது. அதில் மாட்டியிருக்க வேண்டிய வயர் இல்லை. கையை இன்னும் கீழே விட்டுத் தேடியபோது தனியே தொங்கிய வயர் அகப்பட்டது. கழட்டிய நட்டை மறுபடி அதே இடத்தில் முடுக்கி வைத்திருக்கிறார்கள். வயரின் நுனியில் டேப் சுற்றியிருக்கிறார்கள். நுனி பாடியில் பட்டு ஷார்ட் ஆகாமலிருக்க. கெடுக்க வந்தவனுக்கு என்ன இந்த அக்கறை?

பிரிக்க டேப்பின் கடைசியைத் தேடினார். தேட வேண்டியிருக்கவில்லை. நகம் நுழையும் அளவுக்கு அது தன்மேலேயே மடித்து விடப்பட்டிருந்தது.

ஷெட்டில் வேலைபார்த்த ஒருவனுக்கும் அவரால் இதைப் பழக்க முடிந்ததில்லை. நாளைக்குப் பிரிக்கப்போகிறவன் நகத்தை ஏன் உடைக்கிறீர்கள் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். மதியம் சோறு கொண்டுவந்து, டார்ச் பிடிக்க நின்று, ஸ்பேனர் எடுத்துத் தரத் தொடங்கி, பிறகு பாதி வேலையைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்ட ஒருத்திதான் அதைக் கற்றுக்கொண்டாள்.

அவர் நிமிரவில்லை. திறந்த பானெட்டுக்குக் கீழே, கைகள் உள்ளே இருந்தபடியே பேசினார்.

"டேப்ப நல்லாத்தான் சுத்தியிருக்க."

"மாப்ளையையும் நான்தான் வரச்சொன்னேன்" என்றாள். "அவருக்கு வயர் சமாசாரம் ஒண்ணும் தெரியாது. அவர ஏதும் சொல்லிடாதீங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"மூணு வாரமா அதத்தானே சொல்றேன்."

"ஒரு செகண்டு கண்ணு கூசிச்சு. அதுக்கு..."

"ஒரு செகண்டு இல்லங்க." அவள் குரல் உயரவில்லை. "ஸ்டியரிங்க நான்தான் பிடிச்சுத் திருப்பினேன். அப்ப நீங்க என்னத் திரும்பிப் பாத்தீங்க. நீ யாரும்மான்னு கேட்டீங்க. வண்டி நின்ன பொறவும் கேட்டீங்க."

தெருப்பக்கத்திலிருந்து மருமகன் வந்தார். "என்ன மாமா, புடிபட்டுச்சா?"

பம்ப்காரர் கையை வெளியே எடுத்துத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாக, நிதானமாக.

"பம்ப் போச்சு மாப்ள" என்றார். "நீங்களே போய்ப் பாப்பாவக் கூட்டிட்டு வந்துடுங்க."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் திரும்பியது. பிறகு அவர் காரைச் சுற்றிவந்து இடப்பக்கக் கதவைத் திறந்து அவள் அருகில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் இந்த வண்டியில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததில்லை. முழங்கால் முன்னால் இடித்தது.

"வேற என்னென்ன கழட்டி வச்சிருக்க?"

"இது ஒண்ணுதாங்க."

அவர் அவள் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தார். பொய் சொல்கிறாளா என்று பார்த்தார். பிறகு, அந்த முகம் தனக்கு நன்றாகத் தெரிகிறதா என்றும் பார்த்தார். அவள் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். பானெட் திறந்தே நின்றது. கண்ணாடி முழுக்க அதன் கறுத்த உட்புறம்தான் தெரிந்தது, தெரு தெரியவில்லை.