போதாத பேர்

...மோதிர விரலாம், சமஸ்கிருதத்தில் அதற்குத்தான் அந்தப் பேராம், மற்ற விரல்களுக்கெல்லாம் ஒரு பேர் இருக்க, தனக்கென்று பேர் இல்லாத விரல், அதனால் அனாமிகா, பெயரில்லாதவள்... திருமுருகன் தன் கையைப் பார்த்துக்கொண்டான், பதினாலு வருஷமாக வாய் நிறையக் கூப்பிட்ட பேருக்கு இதுவா அர்த்தம்? பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டியிருந்தது. ஜன்னலோரம் அவனுடைய மூன்றாவது பெண் அனாமிகா, பேச்சுத் தாளை மடியில் வைத்து உதடு அசையப் படித்துக்கொண்டு வந்தாள். விழுப்புரத்தில் பத்தரைக்குப் பேச்சுப் போட்டி, 'என் பெயர்' என்பது தலைப்பு, அர்த்தத்தைப் போனில் தேடி எடுத்திருக்கிறாள். திண்டிவனத்தில் டைல்ஸ் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அப்பா கூட வருவதில் ஏக சந்தோஷம் அவளுக்கு, அவனுக்குத்தான் சீட்டில் உட்கார முடியவில்லை.

பெரியவளுக்குப் பேர் வைக்க என்ன அமர்க்களம்! பிறந்த நட்சத்திரம் பார்த்து அஸ்வினி. அடுத்தவளுக்கு ஜோசியர் எழுத்து சொல்ல, பாண்டிச்சேரி போய்ப் பேர்ப் புத்தகம் வாங்கி வந்து, நாலு நாள் சண்டை போட்டு, அருணா. மூன்றாவதும் பெண் என்று சொன்னபோது ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான், கிளாஸை வைத்துவிட்டு, பிள்ளை முகத்தைப் பார்க்காமல் கடைக்குப் போனான்... போனானே! ஒன்பது மாசம் பேர் இல்லை. மனைவி கலைமதி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். தட்டம்மை ஊசிக்குப் போன இடத்தில் நர்ஸ் ஆரோக்கியசெல்வி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இன்னமும் 'பேபி ஆஃப் கலைமதி' என்றுதான் இருந்தது, பேர் வைக்கலையா என்று கேட்டாள். "நீங்களே ஏதாச்சும் போட்டுக்கங்க சிஸ்டர்." அவன்தான் சொன்னான், அவன் வாய்தான். அந்த அம்மா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினாள். அர்த்தம் தெரிந்துதான் எழுதினாளா? ஸ்டைலான பேர், எப்படிப் பிடித்தாய் என்று கடையில் கேட்டபோது வெட்கமே இல்லாமல் சிரித்து வைத்தானே...

அவன் என்ன சாமானியப்பட்டவனா, பெற்ற அப்பனையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவன் ஆயிற்றே! அவருக்கு நாலாவதும் பெண்ணாகப் போனதில், சாமியிடம் இனிப் பெண் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி, தங்கைக்குப் போதும்பொண்ணு என்று வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'போதும், போதும்' என்று கத்த, அழுதுகொண்டே வருவாள். கோலியனூரில் அவளைக் கொடுத்தபோது கல்யாணப் பத்திரிகையில் வேணி என்று போட வைத்தவன் இவன்தான், பெத்த பொண்ணுக்கு வெக்கிற பேரா இது, அறிவிருக்கா என்று சொந்தக்காரர்கள் நடுவில் கேட்டான், அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அவர் வேண்டாவெறுப்பாக என்றாலும் தன் வாயால் ஒரு பேர் வைத்தார். இவன்? இவன் அதைக்கூடச் செய்யவில்லை.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. ஒரு தரம் கேளுப்பா என்று தாளை அவனிடம் கொடுத்துவிட்டு, பாராமல் மெதுவாகச் சொன்னாள். என் அப்பா ஒன்பது மாதம் எனக்குப் பெயர் தேடினார், எந்தப் பெயரும் எனக்குப் போதவில்லை, அதனால்தான் எந்தப் பெயருக்குள்ளும் அடங்காதவள் என்று அனாமிகா என வைத்தார்... தாளில் அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். "யாரும்மா சொன்னது?" "அம்மாதான்." கலைமதியா? அவன் மானத்தை இத்தனை வருஷம் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாளா, ஒரு சண்டையில்கூட அவிழ்க்காமல்? இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தப் பெண் மைக் முன்னால் நின்று ஊரறிய அவனைப் புகழப் போகிறாள். சொல்லிவிடலாமா, அப்படியில்லைம்மா என்று... "நல்லா இருக்குதும்மா" என்றான், குரல் அவனுக்கே கேவலமாக இருந்தது.

அவள் தாளை வாங்கி நாலாக மடித்தாள். "நீ ஹால் உள்ள வராதப்பா, வெளியவே இருந்துக்கோ." ஏன் என்றான். "உன் மூஞ்சியப் பாத்துக்கினு என்னால அந்த வரியச் சொல்ல முடியாது." கூச்சம், பிள்ளைக்குக் கூச்சம், வேறென்ன... பஸ் நகர்ந்தது, அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போனைக் கேட்டிருக்கிறாள், அம்மாவைக் கேட்டிருக்கிறாள், பேர் வைத்தவன் என்று தாளில் எழுதப்பட்டவன் பக்கத்திலேயே இருக்க, ஏம்ப்பா இந்தப் பேர் என்று அவனை மட்டும் அவள் இந்த நிமிஷம் வரை கேட்கவில்லை.