கிண்ணம் நிறையப் பினாயில்

வெள்ளை வெள்ளையாக, பால் ஊற்றி வைத்ததுபோல, ஒவ்வொரு செடியின் நடுக்கிண்ணத்திலும் பினாயில், படிக்கட்டுத் தொட்டிகளைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை, குழாயைத் திருப்பிப் பீய்ச்சுகிறேன், வெள்ளை வழிகிறது, நாற்றம் போகவில்லை, கல்யாணமாகி நாகர்கோவில் வந்தபோது இந்தச் சப்போட்டா நிழலில் புல்கூட முளைக்காது என்றார்கள், ஒரே ஒரு புரோமெலியாட் கன்று, பன்னிரண்டு வருஷத்தில் சிவப்பும் ஊதாவுமாகத் தரை தெரியாமல் பரவியது, என்ன மைனி, ஒங்க கைதச்சக்க காய்க்கவே மாட்டேங்கு என்று அவர் தங்கை புஷ்பம் வரும்போதெல்லாம் சிரிப்பாள், அன்னாசி இல்லை என்று எத்தனை முறை சொல்வது, இலைகள் கூடிக் கிண்ணமாகி அதில் தண்ணீர் ஏந்திக் குடிக்கும் செடி, நின்ற தண்ணீரில் கொசு வரும் என்று எனக்குத் தெரியாதா, சனிக்கிழமைதோறும் இதே குழாயால் பழைய தண்ணீரைத் தள்ளிவிடுவேன், ஒரு வாரம் தவறியதில்லை, ஆனாலும் மகள் ஷைனிக்கு டெங்கு என்றதும் ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் முன்னால், அவர் கத்துகிறார், ஒனக்க செடிதான் பிள்ளையப் படுக்க வச்சிருக்கு, பூ வளக்கேன்னு கொசுவ வளத்திருக்க.

பிளேட்லெட் முப்பதாயிரத்துக்கு இறங்கிக் கிடக்கையில் எந்தத் தாய் வழக்காடுவாள், நான் பாதி நம்பியும்விட்டேன், ஐந்து நாள் அந்தக் கட்டிலருகே என் கைகளையே வெறுத்துப் பார்த்திருந்தேன், நேற்று வீடு வந்த எட்டு வயதுக்காரி தலையணையிலிருந்து கேட்கிறாள், அம்மா, என்னைய விட ஒனக்குச் செடிதான் பெருசா, அப்பா சொன்னாங்க.

இன்று காலை கொசு ஒழிப்புக்கு வந்த மாநகராட்சிப் பெண் செடிப்பக்கம் போகவேயில்லை, நேரே அடுக்களைக்குப் போய் பிரிட்ஜை இழுத்து, பின்னால் தண்ணீர் வடியும் தட்டை உருவினாள், டார்ச் வெளிச்சத்தில் புழுக்கள் நெளிந்தன, சார், பினாயில் ஊத்த வேண்டிய எடம் இதுல்லா என்றாள் அவரிடம், ஷாக் அடிக்கும், நீ தொடாத, நான் பாத்துக்கிடுதேன் என்று அந்தத் தட்டைத் தன் பொறுப்பில் வைத்திருந்தவர் அவர்தான்.

இப்போது பின்னால் வந்து நிற்கிறார், தா, கொழாய நான் பிடிக்கேன், இதோடு எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பு, எனக்கு உச்சிவரை எரிகிறது, கொழாய ஆரு வேணும்னாலும் பிடிக்கலாம், உள்ள போய்ப் பிள்ளட்ட சொல்லுங்க, வராந்தாவுல சொன்ன அதே சத்தத்துல.

போகிறார், முணுமுணுப்பு வருகிறது, கேக்கல, என்று இங்கிருந்தே கத்துகிறேன், தப்பு அம்மா மேல இல்ல மக்ளே, எம்மேலதான், இந்த முறை தெருவுக்கே கேட்கிறது, நான் குழாயை மூடவில்லை, கிண்ணத்தில் வெள்ளை வெளிறி வெளிறித் தண்ணீர் தெளிகிறது, அடியில் வெந்து அழுகிய குருத்து நன்றாகத் தெரிகிறது.